பெண் வீட்டார் முன்னால் மானிட்டரை நிறுத்திய நாள்

இயந்திரத்தின் முகப்பில் மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்குகள் எல்லாம் சட்டென்று அப்படியே நின்றுபோயின. சில எரிந்தபடி, சில அணைந்தபடி. எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்திருந்த நாச்சிமுத்து என் பின்னால் நின்றிருந்தார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

"வேலை முடிஞ்சுதுங்களா தம்பி?"

முடிந்துவிட்டது என்றுதான் எனக்கும் பட்டது.

1. என்ன வேலை அது

எழுபதுகளின் கடைசி. கஞ்சிக்கோட்டில் பிரஷர் கேஜும் வால்வும் செய்கிற ஒரு தொழிற்சாலை. எலப்புள்ளியிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். உழவு, காட்டு வேலைக்கு இவன் ஆகமாட்டான் என்று வீட்டில் ஒருமனதாக முடிவுசெய்து படிக்க அனுப்பிய பிள்ளை நான். படித்துவிட்டு வந்து, பாலக்காட்டு வெயிலில் ஏ.சி. போட்ட அறைக்குள் உட்கார்ந்துகொண்டதும் ஊரில் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. அந்த ஏ.சி. எனக்காகப் போட்டதல்ல, கம்ப்யூட்டருக்காகப் போட்டது என்பதை நான் யாரிடமும் விளக்கவில்லை.

கம்ப்யூட்டர் இரண்டு பீரோக்களை ஒட்டி வைத்த அளவு இருக்கும். பக்கத்தில் பேப்பர் டேப் படிக்கிற ரீடர், ஒரு பிரிண்டர், தட்டச்சு செய்ய ஒரு டெலிடைப். டெஸ்ட் ஷாப்பில் ஒவ்வொரு கேஜையும் சோதித்து, அளவுகளைத் துளைகளாக டேப்பில் அடித்து அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் அதைப் படித்து, கணக்குப் போட்டு, சர்டிபிகேட் அச்சடிக்கும். சர்டிபிகேட் இல்லாமல் ஒரு கேஜும் கேட்டைத் தாண்டாது.

இன்று நீங்கள் கெர்னல் என்று சொல்வதை நாங்கள் மானிட்டர் என்றோம். மெமரியிலேயே குடியிருந்துகொண்டு மற்ற புரோகிராம்களை மேய்க்கிற புரோகிராம் அது. நீங்கள் டிரைவர் என்பது எங்களுக்கு ஹேண்ட்லர். ரீடருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, டெலிடைப்புக்கு ஒன்று. இவற்றில் கோளாறு வந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் என் உத்தியோகம். சரிசெய்வது என்றால் முகப்பில் வரிசையாக இருக்கும் ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டி, மெமரியில் ஒரு வேர்டை, அதாவது ஓர் எண்ணை, மாற்றி எழுதுவது. அதற்குப் பேட்ச் என்று பெயர்.

எனக்கு மேலே வைத்தி சார். கல்பாத்திக்காரர். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். முதல் நாளே என்னிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டார். மானிட்டர் ஓடுகிறவரை அதைத் தொடக் கூடாது. கோளாறு வந்தால் அந்தக் கோளாறுக்கு மட்டும் மருந்து போட வேண்டும். போகிற போக்கில் பக்கத்தில் கண்ணில் படுவதையும் அழகுபடுத்தக் கூடாது. நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் அந்தக் காலத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

2. ஒரே ஒரு வெற்றி

நான் ஒரேயடியாக உதவாக்கரை என்று நினைத்துவிடாதீர்கள். சேர்ந்த சில மாதங்களில் ஒரு கோளாறு வந்தது. ரீடர் படித்துக்கொண்டிருக்கும்போது பிரிண்டரும் குறுக்கே கூப்பிட்டால், எப்போதாவது ஒரு எழுத்து காணாமல் போகும். தினமும் வராது. வைத்தி சார் பக்கத்தில் வந்து நின்றால் வரவே வராது.

அச்சடித்த ஹேண்ட்லர் புரோகிராம்களை வரி வரியாகப் படித்தேன். கடைசியில் பிடிபட்டது. பிரிண்டர் ஹேண்ட்லர், ரீடரும் எழுத்தை வைத்துக்கொள்கிற ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்துப் பயன்படுத்திவிட்டு, அதில் முன்னால் இருந்ததைத் திருப்பி வைக்காமல் போய்விடுகிறது. மெமரியில் காலியாக இருந்த ஓர் ஓரத்தில், எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிற சில வேர்டுகளை எழுதி, ஹேண்ட்லர் அங்கே போய்த் திரும்ப ஒரு தாவல் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஓர் எழுத்தும் தொலையவில்லை. வைத்தி சார் "கொள்ளாம்" என்றார். மலையாளத்தில் அது பரவாயில்லை என்பதற்குக் கொஞ்சம் மேலே.

அந்த ஒரு "கொள்ளாம்" என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஹேண்ட்லர் எழுதியவர்கள் எல்லாம் எனக்கு மடையர்களாகத் தெரிந்தார்கள். குறிப்பாக ரீடர் ஹேண்ட்லரில் ஓர் இடம். ஒவ்வொரு டேப்பையும் படிக்கத் தொடங்கும் முன்னால் ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, அது பூஜ்யம் ஆகும்வரை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே இருக்கும். வேறு ஒரு காரியமும் செய்யாது. வெட்டியாகக் காத்திருப்பதற்கு ஒரு புரோகிராமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இதை எடுத்துவிட்டால் எவ்வளவு வேகமாகும் என்று கை அரித்தது.

3. நாச்சிமுத்துவின் கேள்வி

மீனாட்சிபுரத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் தெய்வானை. காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா என்று கேட்டாள். அது பண்ணாது, நாங்கள்தான் பண்ணுவோம் என்றேன். சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று நான் அங்கேயே முடிவுசெய்துவிட்டேன். இதை மட்டும் எந்தத் திருத்தமும் இல்லாமல் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

அவள் அப்பா நாச்சிமுத்து அப்படி ஒன்றும் சிரிக்கவில்லை. மாடும் தோப்புமாக வாழ்கிற மனிதர். மூத்த பெண்ணைக் கோயமுத்தூரில் ஒரு மில் தொழிலாளிக்குக் கொடுத்திருந்தார். ஒரு நாள் மில்லைப் பூட்டிவிட்டார்கள். பெண் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள்தான் அன்று எங்களுக்குப் பலகாரம் எடுத்து வைத்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதனால் நாச்சிமுத்துவுக்கு ஒரே கேள்வி. "வேலை ஸ்திரமுங்களா?" நான் அப்போது புரொபேஷனில் இருந்தேன். ஆகிவிடும் என்று இழுத்தேன். அவர் என் அப்பாவிடம், ஒரு நாள் நேரில் வந்து பையன் வேலை செய்கிறதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் சரி என்றால் தெய்வானை. இல்லையென்றால் அந்த வீட்டுப் படியை மிதிக்க எனக்கு இன்னொரு காரணம் கிடையாது.

4. அழகுபடுத்தினேன்

அவர் வந்த அன்று இயந்திரம் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் வினை. எல்லாம் ஒழுங்காக ஓடினால் மானிட்டர் ஆளுக்கு வேலையே இல்லை. பிரிண்டர் கடகடவென்று அச்சடித்துக்கொண்டிருக்க, நான் நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று கொண்டுவந்த நெய்த் தூக்கோடு நாச்சிமுத்து நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, எல்லாத்தையும் அதே பண்ணிக்குதுங்களே. நீங்க எதுக்குங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் பதில் உண்டு. அன்றைக்கு ரத்தம்தான் தலைக்கு ஏறியது. வைத்தி சார் ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தார். இருங்க மாமா, காட்டுகிறேன் என்று எழுந்து, இயந்திரத்தை நிறுத்தி, அந்தப் பெரிய எண் இருந்த இடத்துக்குப் போய், ஸ்விட்சுகளைப் படபடவென்று தட்டிப் பூஜ்யமாக்கினேன். மறுபடி ஓடவிட்டேன். அடுத்த டேப் தயங்காமல் பாய்ந்தது. "வெசையாத்தான் போகுது" என்றார் நாச்சிமுத்து. எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

ரீடரின் மோட்டார் அப்போதுதான் ஒரு டேப்பை முடித்திருந்தது, இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. என் பரிசோதனை அதனால் பிழைத்தது. பிறகு அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன். டீ குடிக்கிற நேரத்தில் மோட்டார் தானாக நின்றுவிட்டது. நின்ற மோட்டார் வேகம் பிடிக்கச் சற்று நேரம் வேண்டும். அந்த நேரத்துக்காகத்தான் அந்த மடையர்கள் எண்ணிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அடுத்ததாக நான் போட்டது ஒரு புரோகிராம் டேப். தொடக்கத்தில் இருந்த எழுத்துகள் விழுந்துபோயின. மீதியெல்லாம் மெமரியில் எங்கே போய் உட்கார வேண்டும் என்கிற முகவரி அந்தத் தொடக்கத்தில்தான் இருக்கும். முகவரி கெட்டதும் புரோகிராம் நேராகப் போய் மானிட்டரின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. விளக்குகள் நின்றன. அதற்குப் பிறகு அவர் கேட்டதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

5. வைத்தி சாரின் தாழ்ந்த குரல்

காலையிலிருந்து சேர்த்த சோதனை அளவுகள் மெமரியோடு போய்விட்டன. படித்து முடித்த டேப்புகளை அவ்வப்போது கிழித்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். கொச்சிக்குப் போக வேண்டிய லாரி கேட்டில் நின்றது. டெஸ்ட் ஷாப் ஃபோர்மேன் வந்து, எல்லா கேஜையும் மறுபடி சோதிக்க வேண்டுமா என்று என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார். அவர் குரல் கேட்டு வைத்தி சார் வந்தார்.

"எதைத் தொட்டே?"

"நான் ஒண்ணும் தொடலைங்க சார்."

"தொடாம இது நிக்காது. எதைத் தொட்டேன்னு சொல்லு."

சொன்னேன். சொல்லாமல் இருந்திருப்பேன், ஆனால் அவர் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தால் அந்தப் பூஜ்யம் தானே பல்லிளிக்கும். கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஆரம்பித்தார். ஓடிண்டிருக்கறதை நிறுத்தறதுக்குத் தனியா சம்பளம் வேணுமா என்றார். என் மூளையைக் கழுவி வெயிலில் காயப்போடச் சொன்னார். தமிழ் போதாமல் மலையாளத்துக்குப் போனார், அதுவும் போதாமல் இங்கிலீஷுக்கு வந்தார். குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று.

"சும்மா இருக்கறதுக்குத்தான் உனக்குச் சம்பளம். அது ஒண்ணுதான் உனக்கு வரலை."

இவ்வளவையும் நாச்சிமுத்து நெய்த் தூக்கோடு சுவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். யார் இவர் என்று வைத்தி சார் கேட்டார். பெண்ணோட அப்பாவுங்க என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். வைத்தி சார் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "மானிட்டரோட பழைய டேப்பை எடு. ஏத்து" என்றார்.

டேப்பை ஏற்றவைக்கிற தொடக்க வேர்டுகளை ஸ்விட்சில் தப்பாகத் தட்டினேன். மறுபடி தட்டினேன். மானிட்டர் உயிர்பெற்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அதுவும் ஏ.சி. அறையில். லாரி மறுநாள்தான் போயிற்று.

6. பஸ் ஸ்டாப்பில்

நாச்சிமுத்து நெய்த் தூக்கை என்னிடம் தரவில்லை. வைத்தி சார் மேஜையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அவரை பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். தெய்வானை போய்விட்டாள் என்று உறுதியாகிவிட்டது. மன்னிச்சுக்கங்க மாமா, உங்களை வெச்சுட்டு இப்படி ஆயிப்போச்சு என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்க சார் வஞ்சதுல பாதி எனக்குப் புரியலைங்க. ஆனா வெளிய போன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லலை. லாரியே நின்னுபோச்சு, அப்பவும் சொல்லலை. இத்தனை வஞ்சும் அனுப்பலைன்னா அது ஸ்திரமான வேலைதானுங்க." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "என்ற பெரிய மாப்பிள்ளையை அந்த மில்லுல ஒருத்தரும் ஒரு சொல்லு வஞ்சதில்லைங்க. பூட்டை மட்டும் போட்டுட்டாங்க."

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் திரும்பி, தேதி பார்க்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லுங்க மாப்பிள்ளை என்றார். நான் அந்த வெயிலில், பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

7. கல்யாணப் பந்தியில்

மீனாட்சிபுரத்தில் கல்யாணம் நடந்தது. வைத்தி சார் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவுகிற இடத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உன் மாமனார்ட்ட சொல்லப்படாது. அன்னிக்கு உன்னை அனுப்பிடறதாத்தான் இருந்தேன். நாக்கு வரைக்கும் வந்துடுத்து. பொண்ணோட அப்பான்னு சொன்னியா, அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். எனக்கும் ஆத்துல ரெண்டு பொண்ணாக்கும்."

சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். நான் மாலையும் கழுத்துமாக அங்கேயே நின்றேன். சார் அனுப்பவில்லை என்பதற்காக மாமனார் பெண் கொடுத்திருக்கிறார். மாமனார் நிற்கிறார் என்பதற்காக சார் அனுப்பவில்லை. நடுவில் நான் என்று ஒருவன் ஸ்விட்ச் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமனார் காலமான பிறகுதான் இதைத் தெய்வானையிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, அப்ப உங்களைப் பாத்து யாருமே ஒண்ணும் முடிவு பண்ணலைங்களா?" என்றாள். இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஓடுகிற ஹேண்ட்லரில் வெட்டியாகத் தெரிகிற வரி ஒன்று இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்வரை கை வைக்காதீர்கள். ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் இருந்தேன். அந்த வேலையில் என்னையே ஏன் வைத்திருந்தார்கள் என்பது எனக்குக் கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது. அப்படிப்பட்டவனுக்கு, இது தேவையில்லை என்று எதையும் தூக்கிப்போட என்ன யோக்கியதை இருக்கிறது?