காய் பிடித்த ஆறு தக்காளிச் செடிகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருவடிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பிரெஞ்சு சர்க்காரிடம் பென்ஷன் வாங்குபவர். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசியே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள், கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டை. எந்தச் செடியைக் கண்டாலும் மண்ணுக்குள் விரலை விட்டு, எடுத்து மோந்து பார்ப்பார்.

மாடியில் அவர் தொட்டிகளில் வைத்த தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. கீழே கொல்லையில் என் மனைவி தரையில் வைத்த ஆறு செடிகளோ காய் தாங்காமல் சாய்ந்தன. மாடு வைத்திருப்பவர்களிடம் சாணி கேட்டு வாங்கி, இரண்டு மாதம் அந்த மண்ணைப் பதப்படுத்தியிருந்தாள் அவள்.

ஒருநாள் முசியே விரலை மோந்துவிட்டுச் சொன்னார்: “செடி உன்னுதுப்பா, இல்லேங்கல. மண்ணு என்னுது. செடிய தூக்கி பக்கெட்டுல வெச்சிக்கோ.”

“காய் புடிச்ச செடிங்க முசியே. வேர் அறுந்தா செத்துடும்.”

“அது செடியோட தலையெழுத்து.”

“ஏங்க, இன்னும் கொஞ்சம் பேசுங்களேன்” என்றாள் மனைவி. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நான் மண்வெட்டியை எடுத்தேன். தோண்டி, பெயிண்ட் பக்கெட்டுகளில் வைத்தேன். மூன்றே நாளில் பிஞ்சோடு செத்தன.

அதற்குள் அவர் தன் தொட்டிச் செடிகளை வேர்மண் உதிராமல் இறக்கி, எங்கள் குழிகளிலேயே நட்டுவிட்டார். பிறகு ஒருநாள் கிண்ணம் நிறையப் பழத்தோடு வந்து, சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். “ருசி பாரும்மா. இந்த மண்ணுல என்னமோ இருக்குது.”

அவள் வாங்கி ரசம் வைத்தாள். அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ரசம் நன்றாகத்தான் இருந்தது.

எழுதி முடித்தது, மாசி மாதம் பன்னிரண்டாம் தேதி.