லிஸ்ட்டில் இல்லாத சாந்தாபாய்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு காரியம் செய்துவிட்டேன். கமிட்டி என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. எழுத்து மூலமாக வேண்டுமாம். சரி, எழுதுகிறேன்... ஆனால் முதலில் உங்களுக்கு.

எங்களுடையது மராட்டிய ஊரான போபோடியில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை. பாதிப் பேர் ஃபேக்டரி, மீதிப் பேர் ஆபீஸ், என்னைப் போல நாலைந்து டீச்சர்கள். ஒருவருக்கும் ஒரு சென்ட் வயல் கிடையாது. இருந்தாலும் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை கொண்டாடுவோம். திருநெல்வேலியில் வயலிலிருந்து வருவதை நாங்கள் கடையில் வாங்கிப் பீடத்தில் வைப்போம். யார் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று லிஸ்ட் போட்டு ஆராதனையில் வாசிக்க வேண்டும். கணீரென்ற குரல் என்பதால் பத்து வருஷமாக அந்த வேலை எனக்கு.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். அதில் பயிர் வைப்பவள் சாந்தாபாய். எழுபத்திரண்டாம் வருஷப் பஞ்சத்தில் சோலாப்பூர் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். அப்போது அங்கே உடைந்த பாட்டிலும் செங்கல்லும்தான் கிடந்தன. அன்றிருந்த போதகர், பயிர் வைத்துக்கொள் என்று வாய் வார்த்தையாகச் சொன்னார். கல் பொறுக்கினாள். சாணம் சுமந்தாள். நாங்கள் கொளுத்தவிருந்த வேப்பஞ்சருகை வாங்கிப் போய் மண்ணில் புதைத்தாள். இன்றைக்கு அங்கே மேத்தி — அதுதான் வெந்தயக்கீரை — கொத்துமல்லி, முள்ளங்கி எல்லாம் விளைகிறது. புருஷன் போன பிறகு அவளுக்கு அதுதான் சோறு.

பாதையோரத்து வரிசையை மட்டும் அவள் பறிக்கவே மாட்டாள். சந்துக்காரப் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி கிள்ளிக்கொண்டு போவார்கள். ஏன் விட்டுவைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். ஏழைகள், பாவம் என்றாள். இவள் என்னவோ பங்களாக்காரி மாதிரி!

போன மாதம் கமிட்டி கூடியது. அந்த இடத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, உள்ளே சிமென்ட் தளம், கல்யாண ரிசப்ஷனுக்கு வாடகைக்கு விடலாம் என்றார் செயலாளர் செல்வதுரை அண்ணாச்சி. பண்டிகைக்கு மறுநாள் சாந்தாபாய் காலி செய்ய வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும்தான் தூக்கினேன்... எனக்கு சிஞ்ச்வட் லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அவசரம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பண்டிகைக் காலையில் காய்கறி வாங்க மறந்துவிட்டேன். சர்ச் கேட்டில் சாந்தாபாய் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கட்டு மேத்தி வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். பீடத்தைப் பார்த்தேன். அங்கிருந்த ஒவ்வொரு கட்டிலும் கயிற்றுக்குப் பதில் பழைய பச்சைப் புடவைக் கிழிசல். அது சாந்தாபாயின் கட்டு. கடைசி நிமிஷத்தில் ஓடிவந்தது நான் மட்டுமல்ல, சபையே அவளிடம்தான் வாங்கியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். நாளைக்கு வேலி என்பதால் அத்தனையும் பறித்திருந்தாள் — ஓரத்து வரிசையைத் தவிர.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணாச்சி மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. லிஸ்ட்டை எடுத்தேன்.

"செல்வதுரை குடும்பம், மேத்தி நான்கு கட்டு. விளைவித்தது, சாந்தாபாய்."

அடுத்த பெயர். அதற்கும் அதே வால். மூன்றாவதில் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஏழாவதில் ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"டீச்சர், லிஸ்ட்டுல உள்ளத மட்டும் வாசிங்க."

"லிஸ்ட்டு தப்பா இருக்கு அண்ணாச்சி. திருத்தி வாசிக்கேன்."

கடைசியில் என் பெயரையும் வாசித்தேன். கமிட்டியில் இவளும் கை தூக்கினவள்தான் என்று சேர்த்தே வாசித்தேன்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. நிலம் சபையுடையது, பத்திரம் இருக்கிறது என்கிறார். இருக்கிறது, யார் மறுத்தது? ஆனால் நம் வேதம் என்ன சொல்கிறது? நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் தங்க வந்தவர்கள் என்கிறது. வயலோரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு என்கிறது. இதையெல்லாம் சண்டே ஸ்கூலில் ஒப்பித்துப் பென்சில் பாக்ஸ் பரிசு வாங்கியவர்கள் நாம். சாந்தாபாய் ஒரு வசனமும் படித்ததில்லை; செய்துகொண்டிருக்கிறாள். குடியிருக்க வந்தவர்கள் இன்னொரு குடித்தனக்காரியைக் காலி செய்யச் சொல்கிறோம்... இது எந்த ஊர் நியாயம்?

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். கம்பிச் சுருளோடு ஆட்கள் வந்தபோது, பாத்திக்கு நடுவில் ஸ்டூல் போட்டு காம்போசிஷன் நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னும் மூன்று ஸ்டூல்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நான் பெயர் வாசித்த வீட்டுப் பெண்கள். ஆட்கள் ஒரு பீடி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சாந்தாபாய் நன்றியெல்லாம் சொல்லவில்லை. வெந்தயம் விதைக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றாள்.

ஆகவே, மதிப்பிற்குரிய கமிட்டிக்கு என் விளக்கம்: அடுத்த வருஷமும் இப்படித்தான் வாசிப்பேன். லிஸ்ட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவீர்களா? தாராளமாகக் கொடுங்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து பேசினாலும் பீடம் வரை கேட்கும் குரல் எனக்கு.