நான்காவது ஏரிக்கு வந்த பிலோமின்

எங்கள் ஏரிக்கு மேலே மூன்று ஏரிகள். ஒன்றில் நிரம்பும் தண்ணீர் ஆறாக வழிந்து அடுத்ததில் விழும். கடைசியில் எங்களிடம் வரும். பிலோமின் மெராஸ்டி முதல் ஏரிக்காரி. பனி இளகும் காலத்தில், ஏரியிலிருந்து ஆறு கிளம்பும் வாயருகே உறைந்த ஏரியின் பனி பிளந்து, அவள் புருஷன் ஆந்துவான் நாய்கள் இழுத்த வண்டியோடு தண்ணீருக்குள் போய்விட்டான். ஒரு நாய் மட்டும் கரையேறியது.

"ஏரி வச்சுக்காது அண்ணி. தண்ணி சூடானா தானே மேல வருவாரு" என்றான் கொழுந்தன் சேவியர்.

"விழுந்தது ஆத்து வாயில. ஆறு என்ன, உக்கார வச்சு விருந்தா வைக்கும்? இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்."

ஏரிப் பனி முழுக்க உடைந்ததும் தனியாகத் தோணியில் கிளம்பினாள். பாறைகளில் தண்ணீர் சீறும் இடங்களில் தோணியைத் தலைமேல் கவிழ்த்துக் காட்டுக்குள் சுமந்தாள். ஒவ்வொரு ஏரியிலும் கரையோரமாகத் துடுப்புப் போட்டு, நாணலை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கொசு அவள் முகத்தை வீங்க வைத்திருந்தது. எங்கள் ஊருக்கு வந்தபோது கோடை பாதி போய்விட்டது.

அதற்கு முன்பே என் மாமா மோயீஸின் வலையில் ஒரு ஆண் பிணம் சிக்கியிருந்தது. முகம் இல்லை. யாரென்று தெரியாமலே பாட்டுப் பாடிப் புதைத்திருந்தோம். அம்மா அவளுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு மெதுவாக அதைச் சொன்னாள்.

பிலோமின் மாமாவிடம் திரும்பினாள். "இடது கையில சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இருந்துச்சா? அவருக்குக் கிடையாது. குளிர்ல போயிருச்சு."

அம்மா மாமாவைப் பார்த்தாள். 'இல்லை' என்று சொல்லித் தொலை என்பதுதான் அந்தப் பார்வை. மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எல்லா விரலும் இருந்துச்சு, தாயி."

"அப்ப அது வேற யாரோட வீட்டுக்காரரோ" என்று சொல்லித் தேநீரைக் குடித்து முடித்தாள்.

பிறகு எங்கள் ஏரியையும் சுற்றினாள். முதல் பனி விழுந்த வாரம், வின்னிபெக் நகரத்திலிருந்து ஏரி ஏரியாக மீன் வாங்க வரும் விமானத்தில் சேவியர் வந்து இறங்கினான். வாசலை விட்டு உள்ளே வரவில்லை.

"அண்ணன் கெடைச்சுட்டாரு அண்ணி. நீங்க கிளம்பின கொஞ்ச நாள்லயே. நம்ம படகுத்துறைப் பக்கமே மேல வந்தாரு. புதைச்சுட்டோம்."

"எனக்குச் சொல்ல ஆள் வரல?"

"ரெண்டாவது ஏரி வரைக்கும் வந்தான். நீங்க எந்தக் கரையில இருக்கீங்கன்னு அவனுக்குத் தெரியல. நான் அப்பவே சொன்னேன்..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சொன்ன. முகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எல்லாரும் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

அப்போதுதான் அவள் அழுது நாங்கள் பார்த்தோம்.

சேவியரோடு அவள் போகவில்லை. "மண்ணைப் பாக்க நான் எதுக்கு?" என்றாள். எங்கள் வீட்டிலேயே தங்கி, மீன் கழுவும் கொட்டகையில் வேலை செய்தாள். குளிர்காலந்தோறும் சேவியர் வந்து கூப்பிடுவான். தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவாள். சில வருஷத்தில் காசநோய் அவளைப் படுக்கையில் தள்ளியது. ஒரு ஜனவரியில் இறந்துபோனாள்.

"அவ கேக்கல. நாமதான் கொண்டுபோய் விடணும்" என்றாள் அம்மா. மாமாவும் சேவியரும் உடலை நாய்வண்டியில் கட்டி ஏரிக்கு ஏரி மேலே கொண்டுபோனார்கள். அங்கே நிலம் கல்லாக உறைந்திருந்தது. ஒரு பகல் முழுக்க நெருப்பு மூட்டி இளக்கித்தான் ஆந்துவான் பக்கத்தில் குழி தோண்டினார்களாம்.