இடப்பக்கம் படுத்திருந்தது

இது கதையில்லை. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன். இயற்பியல் படித்தவள் நான். அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டேன். இதையும் அளந்துதான் பார்த்தேன்.

மருந்துத் தொழிற்சாலைகளில் இருக்கும் நுண்தராசுகளைச் சரிபார்ப்பது என் வேலை. மகள் பிறந்து நாலரை மாதத்தில், முதல் வெளியூர்ப் பயணம் வந்தது. இரண்டு இரவுகள். அவளுக்குப் பால்பவுடர் ஒத்துக்கொள்ளாது. குடித்த வேகத்தில் கக்கிவிடுவாள். அதனால் மூன்று வாரமாகப் பம்பு வைத்துப் பால் எடுத்து, பை பையாக உறையவைத்திருந்தேன். அது இரண்டு நாளுக்குத்தான் காணும். போன இடத்திலும் நேரம் தவறாமல் எடுத்து வைத்து, ஊருக்குக் கொண்டுவர வேண்டும். விட்டால் பால் வற்றிவிடும் என்ற பயம் வேறு.

"நீ நிம்மதியா போயிட்டு வாம்மா. உன் புருஷனையே நான்தானே வளர்த்தேன்" என்றார் மாமியார்.

'அதனால்தான் அத்தை, பயமாக இருக்கிறது' என்று சொல்ல வாயெடுத்தேன். சிரித்து வைத்தேன்.

தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஹோட்டல். நாலாவது மாடி, கடைசி அறை. சுத்தமாகத்தான் இருந்தது. பத்து மணிக்குப் பால் எடுத்தேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. பாட்டில்களைக் குட்டி ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டரைக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.

ம்ங்... ம்ங்...

பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். அந்தச் சிணுங்கலுக்கு முழுதாக விழிக்க வேண்டியதில்லை. வீட்டில் மகள் என் இடப்பக்கம்தான் படுப்பாள். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, இழுத்து அணைத்து, நைட்டி ஜிப்பை இறக்கிப் பால் கொடுப்பேன். கொடுத்துக்கொண்டே தூங்கியும் போவேன்.

அன்றும் அப்படித்தான் செய்தேன்.

கவ்விக்கொண்டது. நல்ல பசி. முதுகைத் தட்டிக்கொடுத்தேன். சில்லென்று இருந்தது. பாவம், குளிருது போல என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

வாயும் சில்லென்றுதான் இருந்தது.

என் மகள் நாலு மிடறு குடித்துவிட்டு மூச்சு வாங்குவாள். மூக்கிலிருந்து புஸ்ஸென்று காற்று வரும். இது நிறுத்தவே இல்லை. விழுங்கும் சத்தம் மட்டும்... மளக்... மளக்... மளக்...

வெளியே லிஃப்ட் வந்து நின்றது. டிங்.

எங்கள் வீட்டில் லிஃப்ட் கிடையாது.

கண்ணைத் திறந்தேன். இருட்டு. ஹோட்டல் அறை.

குடிப்பது நிற்கவில்லை.

குனிந்து பார்க்கத் தைரியமில்லை. கத்தினேன், குரல் வரவில்லை. வலது கையால் சுவரைத் தடவினேன். சுவிட்ச்...

விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை.

மெத்தையில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். நான் பார்க்கப் பார்க்க அது மெல்ல மேலெழுந்து சமமானது.

அலாரம் அடித்தது. 2.30.

பம்பை எடுத்து வைத்தேன். வலப்பக்கம் வழக்கம்போல வந்தது. இடப்பக்கம் ஒரு சொட்டு இல்லை. கசிந்திருக்கும் என்று நைட்டி, விரிப்பு, தலையணை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தன. என் மகளின் ஒரு வேளைப் பால். எங்கே போனது?

கணவருக்குப் போன் செய்தேன்.

"பாப்பா எங்க?"

"என் பக்கத்துலதான். தூங்கறா."

"நெஞ்சு ஏறி இறங்குதா பாருங்க."

"உனக்கென்ன பைத்தியமா? குறட்டையே விடறா உன் பொண்ணு."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் வேலையை ஒரே பகலில் முடித்து, அன்றிரவே வீடு சேர்ந்தேன். மகள் இரண்டு பக்கமும் ஆசையாகக் குடித்தாள். கனவுதான் என்று என்னை நானே நம்பவைத்தேன். ஆனாலும் அந்தத் தொழிற்சாலைக்கு மறுபடி போகவில்லை.

ஐந்து மாதம் கழித்து, எனக்குப் பதிலாக ஆபீஸில் இன்னொரு பெண் அங்கே போனாள். வாயாடி. எதற்கும் பயப்படாதவள். காலையில் போன் செய்தாள்.

"அக்கா, நாலாவது மாடியில கடைசி ரூமை என் தலையில கட்டிட்டாங்க. ராத்திரி மூட்டை முடிச்சோட ரிசப்ஷனுக்கு ஓடி, சோபாலதான் படுத்தேன்."

"ஏன்?"

"உள்ள குழந்தை சத்தம்க்கா. ரிசப்ஷன்ல கேட்டா, அஞ்சு மாசமாவே இப்படித்தானாம். அதுக்கு முன்னாடி அந்த ரூம்ல ஒண்ணுமே கிடையாதாம். யாரும் செத்ததில்ல, பொறந்ததில்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அழுததா?"

"முதல்லெல்லாம் அழுதுக்கிட்டுத்தான் இருந்துச்சாம்" என்றாள். "இப்போ பேச்சு வந்துடுச்சுக்கா. 'அம்மா'ன்னு கூப்பிடுது."