ஊருணியில் ஒரு செருப்புத் தடம்

பருத்திக்கு அடிக்கிற மருந்தின் வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. தை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் முழுக்க அந்த வாடைதான். அப்பாவை நாங்கள் ஐயா என்போம். அவர் தலைத்துண்டில் ஏறி வீட்டுக்குள் வந்து, சோற்றுத் தட்டிலும் தலையணையிலும் உட்கார்ந்துகொள்ளும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் கையை விட்டு நகராது. பூச்சிக்கொல்லி என்ற சொல்லை நான் பாடப்புத்தகத்தில்தான் படித்தேன், ஊரில் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, செடிக்கு அடிப்பதும் மருந்து. "இன்னைக்கு மருந்தடிக்கோம்" என்று ஐயா சொல்லும்போது, நோய்ப்பட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவரின் பொறுப்பு அவர் குரலில் இருக்கும்.

கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே, கரிசலில் கிடந்த சின்ன ஊர் அது. கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர் வரும் மண். ஆகவே ஐப்பசி மழையில் நிறைகிற ஊருணித் தண்ணீரைத்தான் அடுத்த மழை வரை குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரை நாங்கள் காத்த விதத்தைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். கரையில் நின்ற வேப்பமரத்தைத் தாண்டிச் செருப்பு போகக் கூடாது. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் ஏறினாலே, "ஏட்டி, அத வீட்டுல போட்டுட்டு வா" என்று ஏதாவது ஒரு குரல் விரட்டும். எச்சில் கையை நனைக்கக் கூடாது. ஆடுமாடுகளுக்குக் கரைக்கு வெளியே ஒரு பள்ளம் வெட்டி, அதில் தனியாகத் தண்ணீர் விட்டிருந்தார்கள். எழுதிவைக்காத இந்தச் சட்டங்களை மீறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அது. எங்கள் பருத்திக் காட்டில் மருந்தடித்து முடித்த ஒரு சாயங்காலம், காலியான மருந்து டின்னை ஐயா வரப்பில் வைத்துவிட்டு, இரவல் வாங்கிய மருந்துப் பம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனார். மூடி இறுக்கமாக இருக்கும் அந்த அலுமினிய டின்னுக்கு எங்கள் வீடுகளில் அவ்வளவு மரியாதை. மண்ணெண்ணெய் ஊற்றிவைக்க அப்படி ஒன்று வேண்டுமென்று அம்மா பலநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷப்படுவாளே என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்துவைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெறுங்காலோடு இறங்கி, டின்னைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். அடியில் தங்கியிருந்த மருந்து, பால் கலந்தாற்போல வெள்ளையாகப் பரவிக் கலைந்தது. மூன்று தடவை, நான்கு தடவை, அந்த வெள்ளை அடங்குகிறவரைக்கும் கழுவினேன். கரையேறிச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கையில், வேலையைச் சுத்தமாக முடித்த பிள்ளைக்கு வருகிற பெருமை எனக்கும் இருந்தது.

மறுநாள் காலையில் பெண்கள் வெறுங்குடத்தோடு கரையில் நின்றார்கள். கெண்டையும் அயிரையும் வயிறு மேலே தெரிய ஓரமெல்லாம் ஒதுங்கிக் கிடந்தன. தண்ணீர் ஓரத்துச் சகதியில் ஒரு டயர்ச் செருப்பின் தடம் பதிந்திருந்தது. எல்லோருடைய கண்ணும் அதில் போய் நின்றது.

அப்படிச் செருப்பு போடுகிறவர் எங்கள் ஊரில் பேச்சிமுத்து மாமா ஒருவர்தான். கோடையில் எங்கள் காட்டில் ஆட்டுக்கிடை போடுகிறவர். அந்தக் கிடைப் புழுக்கைதான் எங்கள் நிலத்துக்கு உரம். என்னைக் கண்டால், "ஏ தாயி, இன்னைக்கு வாத்தியார் என்ன கதை அளந்தாவ?" என்று வம்புக்கு இழுக்காமல் விடமாட்டார். அவரை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு வந்தார்கள்.

"ஏலே, செருப்போட எறங்குனியா, இல்லையா?" என்று கேட்டார் ஊர்ப்பெரியவர்.

"எறங்குனேன் அண்ணாச்சி. நேத்துப் பொழுதடைய ஒரு குட்டி சகதியில மாட்டிக்கிட்டுக் கத்துச்சு. கழத்த நேரமில்ல."

"ஊரே குடிக்கித தண்ணியில செருப்போட எறங்கிட்டு, நேரமில்லைங்கியே!"

"எறங்குனது தப்புதான். ஆனா செருப்புக்கு மீனு சாகுமா அண்ணாச்சி?"

ஊர் அறிந்த குற்றம் செருப்பு. அதை அவர் ஒத்துக்கொண்டும் விட்டார். மருந்து என்று பெயர் வைத்த ஒன்றின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கு வந்தது. அந்த வெள்ளை என் கண்ணுக்குள் பரவிக்கொண்டேயிருந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாய் திறக்கவில்லை.

இனி அவருடைய ஆடு அந்தப் பள்ளத்துத் தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது என்று முடிவானது. "பெரியவிய சொன்னா சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார் மாமா. தண்ணீர் இல்லாமல் மந்தையை வைத்துக்கொண்டு கோடையைத் தாண்ட முடியுமா? அந்த வாரத்துக்குள்ளேயே ஆடுகளை ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். கடைசி ஆடு ஓடைக்கு அந்தப்புறம் இறங்குகிறவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று ஐயா, வேலியில் கவிழ்த்திருந்த டின்னைப் பார்த்துவிட்டு, "இத எங்கன கழுவின?" என்று கேட்டார். "காட்டுலயே, குழியில கெடந்த தண்ணியில" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், அது பொய். பத்தாம் வகுப்புப் பரீட்சையில், இயற்கையைக் காப்பது மனிதனின் கடமை என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். வெட்கங்கெட்ட கை, கூசாமல் எழுதியது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்து, காக்கிச் சட்டையோடு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆடுகளையெல்லாம் விற்றுவிட்டு, ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேனாக இருக்கிறாராம். இன்னாருடைய மகள் என்று சொன்னதும், "ஏ தாயி!" என்று பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, டின்னைக் கழுவிய கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். திட்டுவார், அல்லது அழுவார் என்று காத்திருந்தேன்.

"அது கெடக்கட்டும் தாயி. இப்ப ஊருணியில தண்ணி கெடக்கா?" என்றார்.

குழாய்த் தண்ணீர் வந்தபிறகு ஊருணியை யாரும் தூர் வாரவில்லை என்றும், மழைத் தண்ணீர் வருகிற வாய்க்காலை மூடிக் கட்டிடம் கட்டிவிட்டார்கள் என்றும், உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

"நாலு குட்டிய வாங்கிக்கிட்டு ஊருக்கு வந்து சேந்துறலாம்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

பஸ் வந்ததும் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலுக்கு வாசல் தண்ணீர் கேன் கவிழ்ந்து கிடக்கிறது. பருத்தி போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வேப்பமரத்தைக் காணோம். அது நின்ற இடத்துக்கு வந்ததும் என் கால்கள் தாமாகவே செருப்பைக் கழற்றின. கழற்றி, பழைய பழக்கத்தில் சேர்த்துவைத்து, உள்ளே இறங்கினேன். நான்கு எட்டு வைப்பதற்குள் கருவேல முள் உள்ளங்காலில் ஏறியது. திரும்பிவந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஊருணியின் நட்டநடுவரைக்கும் நடந்து போனேன். வெடித்த மண்ணில் என் தடம்கூடப் பதியவில்லை. "ஏட்டி" என்று அதட்டக் கரையில் ஒருவரும் இல்லை.