துடைத்த படம்

கல்யாணப் படம் எடுக்கும் நான், புதிதாக வந்த டி.எஸ்.எல்.ஆர். கேமராவைப் பார்க்கக் கடலூர் போயிருந்தேன்.

"மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது சார். பழச மாத்திடுங்க" என்றார் கடைக்காரர்.

சட்டென்று எங்கள் சொந்த ஊர் குமராட்சியில் இருந்த வீட்டின் சேற்று வாடை அடித்தது. எனக்கு அப்போது ஏழு வயது. கொள்ளிடத்து வெள்ளம் வடிந்த மறுநாள், இறந்துபோன தங்கச்சியின் ஒரே போட்டோவை அம்மா பெட்டியிலிருந்து எடுத்தாள். படிந்திருந்த சேற்றை முந்தானையால் மெல்லத் துடைத்தாள். சேற்றோடு முகமும் வந்துவிட்டது.

"நானே அழிச்சிட்டனேடா" என்று முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கிறீங்களா சார்?" என்று கடைக்காரர் மறுபடி கேட்டார்.

"அப்புறம் வரேன்" என்று சிதம்பரம் பஸ் ஏறினேன். தங்கச்சியின் முகம் எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இருக்கிறதா என்று இன்றுவரை கேட்க முடியவில்லை.