தரிப்பிடத்தில் வெங்காயம்

நீர்வேலியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். இன்று பின்னேரம் தொடங்கி இந்தக் கிழமை முடியும்வரை விடாமல் இடியோடு மழை என்று வானொலி சொல்லியிருக்கிறது. தரிப்பிடக் கூரைக்குக் கீழே எனக்கு இடமில்லை. உட்காரும் வாங்கின் மேலும் கீழும் காய்ந்த சின்ன வெங்காயம் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. எதிர்த் தோட்டத்துப் பெண் இன்னும் சுமந்து வருகிறார்.

“அக்கா, சனம் எங்கை நிக்கிறது?”

“வெளியிலைதான், தம்பி. நீங்கள் நனைஞ்சால் துடைக்கலாம். வெங்காயம் நனைஞ்சால் அழுகிப்போகும்.”

நியாயம்தான். இடி முழங்குகிறது. குடையை விரிக்கிறேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கை நீட்டுகிறார்.

“உந்தக் குடையை ஒருக்காத் தாங்கோ. இந்த மூலை ஒழுகும்.”

கொடுக்கிறேன். மூலைக் கட்டுகளுக்கு மேல் அதை வைத்துவிட்டு, அவரும் வெளியே வந்து என்னோடு நனைகிறார்.

பஸ் வருகிறது. நான் குடையைப் பார்க்கிறேன்.

“மழை விட்ட உடனை வந்து எடுங்கோ” என்கிறார்.

வானொலிக் கணக்கில் அது அடுத்த கிழமை.